ஒரு குட்டிக்கு ஒரு பெட்டி தவிடு

1

நாய் குட்டி போடுவதற்குச் சட்டம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லியிருந்தாலும் நாய்க்கு யார் சொல்வது?

இந்த ஐப்பசியோடு நான் இங்கிலாந்துக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, கொஞ்ச நாள் வந்து இருந்துவிட்டுப் போ என்று மகள் கலா கூப்பிட்டாள். கொஞ்ச நாள் ஒன்பது வருஷமான கதையில் விசா ஆபீஸ், வக்கீல், மறுபடியும் விசா ஆபீஸ் என்று நிறைய வரும். அதை எழுத இந்த நோட்டு போதாது. இது நாய்க் கதை.

ஊரிலிருந்து போனில் கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே கேள்விதான். அங்கே எப்படி இருக்கிறது? குளிராக இருக்கிறது. மற்றபடி எல்லாவற்றுக்கும் ஒரு தாள் இருக்கிறது. குப்பைக்கு மூன்று நிறத்தில் தொட்டி. எந்தத் தொட்டிக்கு எந்தக் கிழமை என்று சொல்ல ஒரு தாள். சொந்தத் தோட்டத்து மரக்கிளையை வெட்டலாமா என்று கேட்க ஒரு தாள். நான் தாளுக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. திருத்துறைப்பூண்டியில் ஒரு பட்டா மாற்றத்துக்கு ஏழு ஜமாபந்தி பார்த்தவள். நம் ஊரில் தாள் எந்த மேசையில் கிடக்கிறது என்று நாம் தேடிப் போக வேண்டும். இங்கே தாள் நம்மைத் தேடி வருகிறது. அது உள்ளே நுழைவதற்கென்றே வாசல் கதவில் ஒரு ஓட்டை வைத்திருக்கிறார்கள்.

2

நாயின் பெயர் கோகோ. அது பேத்தி யாழினி வைத்தது. நான் கூப்பிடுவது செவலை. கலாவோடு வேலை பார்த்த ஒரு பெண் வேறு ஊருக்கு மாறிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன நாய். யாழினிக்குப் பதின்மூன்று வயது. நாய் வேண்டும் என்று இரண்டு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாதித்தாள். வந்த ஒரு மாதத்தில் நாய் என் பக்கம் சேர்ந்துவிட்டது.

காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. கலா ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள், அவள் அங்கே நர்ஸ். மாப்பிள்ளை செந்தில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விடுவார். யாழினி பள்ளிக்கூடம். பகல் முழுக்க வீட்டில் இருப்பது நானும் அதுவும். நான் பேசுவேன், அது கேட்கும். இந்த வீட்டில் இப்போது தமிழ் முழுசாகப் புரிவது நாய்க்குத்தான். கலாவும் மாப்பிள்ளையும் தமிழில் ஆரம்பித்து இங்கிலீஷில் முடிக்கிறார்கள். யாழினியிடம் தட்டை எடுத்து வை என்று சொன்னால், காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டு, என்னவென்று புருவத்தால் கேட்கிறாள். நாய் அப்படிச் செய்வதில்லை. வா என்றால் வரும், அந்தப் பக்கம் போய்ப் படு என்றால் போய்ப் படுக்கும்.

பக்கத்து வீட்டில் டேவிட் என்று ஒரு பெரியவர். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு கறுப்பு நாய். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் வேலியில் ஒரு பலகை இற்று விழுந்துவிட்டது. அதைச் சரிசெய்வது யார் பொறுப்பு என்று மாப்பிள்ளையும் டேவிட்டும் மிகவும் மரியாதையாக ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். கடிதம் ஒரு முடிவுக்கு வருவதற்குள் நாய்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டன.

ஐந்து குட்டி.

கலா எல்லாவற்றையும் முறைப்படி செய்தாள். அதைச் சொல்லியாக வேண்டும். எட்டு வாரம் ஆகாமல் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்றாள், பிரிக்கவில்லை. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு குட்டிக்கும் கழுத்துத் தோலுக்கு அடியில் அரிசி அளவு ஒரு சில்லு வைத்து வந்தாள். அந்த அரிசிக்குள் ஒரு எண் இருக்கிறதாம். நிலத்துக்குச் சர்வே எண் மாதிரி. நாய் எங்கே ஓடினாலும் பட்டாதாரர் யாரென்று தெரிந்துவிடும்.

3

நம் பக்கத்தில் நாய்க்குட்டியை விற்க மாட்டோம். சும்மாவும் கொடுக்க மாட்டோம். இப்போது தஞ்சாவூரில் கண்ணாடிக் கடைக்குள் போய் நாய் வாங்குகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அவர்களுக்கு இது தெரிந்திருக்காது, அதனால் எழுதுகிறேன்.

குட்டி கேட்டு வருகிறவர் அரைப்படி தவிடு கொண்டுவர வேண்டும். அதை வீட்டுக்காரர் கையில் கொடுக்கக் கூடாது. நாய்க்குக் கஞ்சி ஊற்றுகிற சட்டியில் கொட்டி, தாய் நாய்க்கு முன்னால் வைக்க வேண்டும். அது வாய் வைத்த பிறகுதான் குட்டியைத் தூக்கலாம். விலை வாங்குவது நாய். நாம் பக்கத்தில் நிற்கிற ஆள், அவ்வளவுதான். தவிடு தின்ற நாய் குட்டியைத் தேடி ஊளையிடாது. தவிடு கொடுத்து வாங்கின குட்டி போன வீட்டில் தங்கும். சும்மா தூக்கிக்கொண்டு போன குட்டி தங்காது.

என் அப்பா காவல் இருந்த களத்தில் ஒரு நாய் இருந்தது. எலி பிடிப்பதில் அதற்கு ஈடு கிடையாது. வைக்கோல் போரைச் சுற்றி ஒரு நடை போய் வந்தால் நாலு எலி. அதன் குட்டிக்காக வலங்கைமானிலிருந்து தவிட்டோடு ஆள் வந்திருக்கிறார்கள். ஒரு தடவை பண்ணை வீட்டிலிருந்து கணக்குப்பிள்ளை வந்தார். வெறுங்கையோடு வந்து, பண்ணைக்குத்தானே என்று குட்டியைத் தூக்கப் போனார். அப்பா அந்தப் பண்ணையில்தான் கூலி. தோளில் துண்டு போட்டுக்கொண்டு அந்த வாசலில் நின்றவர் இல்லை. அன்றைக்கு, "தவுடு வரட்டுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பண்ணை வீட்டிலிருந்து தவிடு வந்தது. வேறு எதற்கும் அந்த வீட்டு ஆளிடம் அப்பா இப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை.

ஆகவே டேவிட் வந்து ஒரு குட்டி வேண்டும் என்று கேட்டபோது, தவிடு கொண்டுவரச் சொல் என்று கலாவிடம் சொன்னேன். இந்த ஊரில் தவிட்டுக்கு எங்கே போவார்கள் என்று அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கடையில் பார்த்திருக்கிறேன். காலைச் சாப்பாட்டுச் சாமான் இருக்கிற வரிசையில், கண் மட்டத்தில், அழகான பெட்டியில் வைத்து விற்கிறார்கள். நம் ஊரில் மாட்டுக்கு வைப்பதை இங்கே வயிறு சரியில்லாத பெரிய மனிதர்கள் பாலில் போட்டுச் சாப்பிடுகிறார்கள். கோதுமைத் தவிடுதான். நெல் விளையாத ஊரில் அதற்கு மேல் கேட்க முடியாது.

டேவிட் தன் வீட்டிலேயே பாதி தின்ற பெட்டியைக் கொண்டுவந்தார். அவருக்கு அது பிடிக்கவில்லையாம், டாக்டர் சொன்னதால் வாங்கியதாம். சந்தோஷமாகச் சட்டியில் கொட்டினார். அடுத்து வந்த பெண் ஓட்ஸ் கொண்டுவந்தாள். ஓட்ஸ் தானியம், தவிடு அல்ல, திருப்பி அனுப்பினேன். கலா வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு, கடைக்குப் போய்ச் சரியான பெட்டியோடு வந்தாள். இங்கே நாம் அவர்கள் காலை மிதித்தாலும் அவர்கள்தான் மன்னிப்புக் கேட்பார்கள்.

இதை யாழினி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேடிக்கை தாங்கவில்லை. மிச்சம் மூன்று குட்டியையும் போட்டோ எடுத்து, எங்கள் பகுதி ஆட்கள் எழுதிக்கொள்கிற இணையப் பக்கத்தில் போட்டாள். கீழே எழுதியதைப் பிறகு எனக்குப் படித்துச் சொன்னாள்: ஒரு குட்டிக்கு ஒரு பெட்டி தவிடு. ஓட்ஸ் வேண்டாம். எங்கள் அம்மாச்சி பேரம் பேச மாட்டார்.

சனி, ஞாயிறுக்குள் மூன்றும் போய்விட்டன.

4

கதவு ஓட்டை வழியாகக் கடிதம் வந்தது அடுத்த வாரம்.

மாப்பிள்ளை அதை நின்றபடி ஒரு தடவை படித்தார், உட்கார்ந்து ஒரு தடவை படித்தார். எங்கள் ஊர் கவுன்சிலிலிருந்து வந்திருந்தது. லைசென்ஸ் எண் இல்லாமல் நாய்க்குட்டி விற்பதாக விளம்பரம் செய்திருக்கிறீர்கள் என்று ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார். நாய் வளர்த்துக் குட்டி விற்பது வியாபாரம் என்றால் அதற்கு லைசென்ஸ் வேண்டும். வியாழக்கிழமை ஒரு அதிகாரி வந்து விசாரிப்பார்.

நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதிகாரி வந்தால் வரட்டும், நாயைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றேன். அப்போது கலா அழுதாள். எனக்கு அது எதிர்பாராதது. அவள் அப்பா செத்தபோதுகூட எல்லா வேலையையும் முடித்துவிட்டுத்தான் அழுதாள்.

"நர்ஸ் ரிஜிஸ்ட்ரேஷனப் புதுப்பிக்கிறப்ப கேஸ் ஏதும் இருக்கான்னு கேப்பாங்கம்மா. இந்த வருஷம் புதுப்பிக்கணும். கேஸ் ஆச்சின்னா என் வேல என்ன ஆகும்னே தெரியாது."

"நாய்க்குத்தான கேஸு?"

"நாய் என் பேர்ல இருக்கும்மா."

இவளை நர்ஸ் படிப்புக்கு அனுப்ப நாகப்பட்டினத்துக்கும் எங்கள் ஊருக்கும் நான் நடந்த நடை எனக்குத் தெரியும். வீட்டு வேலை, வயல் வேலை இரண்டையும் விட்டுவிட்டு வெள்ளைச் சட்டை போடுகிற முதல் ஆள் எங்கள் தெருவில் இவள்தான்.

மாப்பிள்ளை ஒரு யோசனை சொன்னார். அதிகாரி கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். குட்டிகளைச் சும்மா கொடுத்தோம். தவிடு, பெட்டி, ஓட்ஸ் எல்லாம் பிள்ளை விளையாட்டுக்கு எழுதியது.

"சும்மா குடுத்தோம்னா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும் அத்தை."

"சும்மா குடுக்கலியே மாப்புள."

"அத அவங்ககிட்ட சொல்ல வேணாம்."

"நான் வாயத் தொறக்கல, போதுமா?" என்றேன். நான் ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான். எழுபது வயதுக்கு மேல் அது ஒரு தடவை தவறியது. அதைத்தான் எழுத வருகிறேன்.

5

வியாழக்கிழமைக்கு முன்னால் இரண்டு நாள் இருந்தது. ஊரில் இருக்கிற தம்பி மாணிக்கத்துக்குப் போன் போட்டேன். குறுவை அறுத்துவிட்டு, கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, ஈரம் பார்க்கிற ஆள் எப்போது வருவார் என்று காத்துக்கொண்டிருந்தான். சங்கதியைச் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் என்னவென்று கேட்டது எனக்குக் கேட்டது.

இங்கேயும் அதுதான் அக்கா என்றான். நாய் வளர்த்து விற்கிறவர்கள் எல்லாம் அரசாங்கத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று இங்கேயும் வந்துவிட்டதாம்.

"நீதான் அந்தச் சட்டத்த அங்கேருந்து ப்ளேன்ல ஏத்தி அனுப்புனியா?"

"நம்ம தெரு நாய யாருடா பதிவு பண்ணுவா?"

"பண்ணட்டுமே. கைரேகை வச்சிப் பாக்கட்டும். உனக்கே விழல, அதுக்கா விழப்போவுது?"

அது உண்மை. ஆதார் எடுக்கப் போனபோது என் விரலை நாலு தடவை மிஷினில் வைத்து அழுத்தினார்கள். நாற்றுப் பறித்த விரலில் ரேகை எங்கே இருக்கும்?

மாப்பிள்ளை அந்தச் சட்டத்தை முழுசாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். நல்ல கனம். யாழினியைப் படித்துச் சொல்லச் சொன்னேன். அவள் தமிழில் எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். ஒரு வயது ஆகாத நாயைச் சினைக்கு விடக் கூடாது. வாழ்நாளில் இத்தனை ஈத்துக்கு மேல் கூடாது. ஒரு ஈத்துக்கும் அடுத்த ஈத்துக்கும் நடுவே தேறி வர அவகாசம் கொடுக்க வேண்டும். சினை நாய்க்குத் தனி இடம், குளிர் காற்று படாத படுக்கை, நேரத்துக்குச் சாப்பாடு. சத்தம் போட்டுப் பயமுறுத்தக் கூடாது. விளையாட்டுச் சாமான் வேண்டும். மனம் சோர்ந்திருக்கிறதா என்று பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் லைசென்சோடு நட்சத்திரமும் உண்டு, ஓட்டலுக்குக் கொடுப்பது மாதிரி.

என் அம்மாவுக்கு ஒன்பது பேறு. தங்கியது மூன்று. நிறைமாதத்தில் நடவில் நின்றவள். பெற்ற மூன்றாம் நாள் களைக்கு வா என்று ஆள் விட்டார்கள். மனம் சோர்ந்திருக்கிறதா என்று அவளை யாரும் பார்த்துக் குறித்து வைக்கவில்லை. இது நல்ல சட்டம். நான் குறை சொல்ல மாட்டேன். இதை அந்தக் காலத்தில் எங்கள் தெருவுக்கு ஒருவர் அனுப்பியிருந்தால், நாய்க்கு என்று போட்டிருந்தாலும் பரவாயில்லை, எங்களுக்கு என்று நாங்கள் வாசித்திருப்போம்.

6

அதிகாரி ஒரு பெண். சரியாகப் பத்து மணிக்கு மணி அடித்தார். செருப்பை வெளியே கழற்றட்டுமா என்று கேட்டார். டீ வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், விதி அப்படி என்றார். நம் ஊரில் விசாரணைக்கு வந்த யாரும் டீ வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. எனக்கு அவரைப் பிடித்துப் போனது. அதே சமயம் கொஞ்சம் பயமும் வந்தது. டீ குடிக்காத அதிகாரியை எப்படிச் சமாளிப்பது?

நாயின் படுக்கையைப் பார்த்தார். டேப்பை இழுத்து அளந்தார். பல்லைப் பார்த்தார், காதைப் பார்த்தார். உட்காரச் சொல்லி இங்கிலீஷில் இரண்டு தடவை சொன்னார். அது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. சோபாவில் இருந்தபடி நான், "உக்காரு செவல" என்றேன். உட்கார்ந்தது. அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு கேள்வி. கலா பதில் சொன்னாள். மாப்பிள்ளை தலையாட்டினார். பள்ளிக்கூடம் லீவு, அதனால் எனக்குப் புரிவதற்காக யாழினி பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். எத்தனை குட்டி, எப்போது பிறந்தது, எங்கே போனது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. குட்டிக்குப் பதிலாக எதையாவது வாங்கினீர்களா என்று அதிகாரி கேட்டார். கலா சொன்ன பதிலை யாழினி எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதில் ஃப்ரீ என்ற வார்த்தை இருந்தது.

அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை எனக்குத் தெரியும். நம் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது? ஃப்ரீ டிவி, ஃப்ரீ மிக்சி, ஃப்ரீ அரிசி. எல்லாவற்றையும் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் அது நாம் வாங்குவது. நம் வீட்டு வாசலிலிருந்து போன ஐந்து உயிரைப் பற்றி அந்த வார்த்தையைச் சொன்னதும், களத்தில் அப்பா நின்ற நிலை எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னதும் ஞாபகம் இருந்தது. இரண்டும் ஒன்றாக ஞாபகம் இருந்தும் திறந்துவிட்டேன்.

"நோ ஃப்ரீ."

"அம்மா" என்றாள் கலா.

"தவுடு வாங்குனோம். குட்டிக்கு ஒரு பெட்டி. சொல்லு யாழினி."

யாழினி அவள் அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார்.

தவிட்டை யார் வாங்கிக்கொண்டது என்று அதிகாரி கேட்டார். நான் செவலையைக் காட்டினேன். அவர் மறுபடியும் கேட்டார், நான் மறுபடியும் காட்டினேன். அந்தத் தவிடு இப்போது எங்கே? தின்றுவிட்டது. பெட்டிகள்? காகிதத்துக்கு உரிய தொட்டியில், மடித்துப் போட்டிருக்கிறது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சரியான தொட்டிதான்.

வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவருடைய படிவத்தையே பார்த்தார். விற்றவர் பெயர் என்ற இடம் காலியாக இருந்தது. நாயின் பெயரை அங்கே எழுத முடியாது போலிருக்கிறது. எழுதினால் லைசென்ஸ் கேட்க வேண்டியது நாய்தான். நல்ல மனுஷி அவர். இதை அன்பளிப்பு என்று போட்டுக்கொள்ளலாமா, எல்லோருக்கும் சுலபம் என்று கேட்டார்.

"ஆமாம்னு சொல்லும்மா" என்றாள் கலா. அவள் குரல் எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

"யாழினி, நல்லாக் கேட்டுக்கிட்டு அப்புடியே சொல்லு. சும்மா குடுத்தா தங்காது. எனக்கு முன்னாடி பொறந்தது மூணும் தங்கல. நான் பொறந்தப்ப எங்கம்மா என்னயத் தூக்கிட்டுப் போயி கடத்தெரு மரியம் பீவி மடியில போட்டுட்டாங்க, ஒம் புள்ளன்னு. அப்பறம் ஒரு மரக்கா தவுட்டக் குடுத்து அவங்ககிட்டேருந்து வெலைக்கு வாங்குனாங்க. அதான் எனக்கு இந்தப் பேரு. பாஸ்போர்ட்ட எடுத்துக் காட்டு. தவிட்டம்மாள்."

யாழினி என் பெயரை இத்தனை வருஷம் படிவங்களில் எழுதியிருக்கிறாள். அர்த்தம் கேட்டதில்லை.

"உங்கள வித்தாங்களா அம்மாச்சி?"

"வித்தாங்க. வாங்குனாங்க. தங்கிட்டேன்."

அவள் அதை இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தாள். வழக்கமாக அவள் பேசும் வேகத்தில் இல்லை. ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். மடியைக் காட்டினாள், கையில் அளவைக் காட்டினாள். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டார். இரண்டு மூன்று தடவை திருப்பித் திருப்பி ஏதோ கேட்டார். பிறகு பையிலிருந்து வேறு ஒரு படிவத்தை எடுத்தார்.

நாய் சம்பந்தமாகப் பிறகு கடிதம் வரும் என்றார். ஆனால் ஒரு மனுஷியை விற்றதாகவோ வாங்கியதாகவோ அவர் காதில் விழுந்தால், அதை அவர் மேலே தெரிவித்தே ஆக வேண்டும், அதற்குத் தனி இலாகா இருக்கிறது, தவறாக நினைக்க வேண்டாம் என்று யாழினி வழியாகச் சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

7

பதினேழு நாள் கடிதம் வரவில்லை. அந்தப் பதினேழு நாளும் மாப்பிள்ளை என்னோடு பேசவில்லை. மரியாதைக் குறைவாக எதுவும் சொல்லவில்லை, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். உப்பு வேண்டும் என்றால் யாழினியிடம் கேட்டார். கலா வேலைக்குப் போகும்போது வழக்கமாகப் போயிட்டு வரேம்மா என்பாள். அது நின்றது. அவள் காரை எடுக்கும் சத்தம் கேட்டதும், நான் செய்தது சரிதானா என்று ஒவ்வொரு நாளும் செவலையிடம் கேட்டேன். அது சாட்சி சொல்லவில்லை.

பதினெட்டாம் நாள் இரண்டு கடிதம் ஒன்றாக விழுந்தது. முதல் கடிதம் நாய்க்கு. இது வியாபாரம் இல்லை. விற்பனைக்கு ஈடாகப் பெற்ற பொருள் முழுவதும் நாயாலேயே உண்ணப்பட்டுவிட்டதால் லாபம் எதுவும் இல்லை. லைசென்ஸ் தேவையில்லை. இனிமேல் விளம்பரம் எழுதினால் தவிடு பற்றிக் குறிப்பிடாமல் இருப்பது நல்லது. விசாரணை முடிந்தது. கலா அதை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தாள். படித்துவிட்டு எழுந்திருக்கவே இல்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது கடிதம் என் பெயருக்கு, அந்தத் தனி இலாகாவிலிருந்து. அது நாய்க் கடிதத்தைவிட நீளம். அடுத்த வாரம் புதன்கிழமை போனில் பேசுவார்கள் என்று இருந்தது.

கலா அன்றைக்கு லீவு போட்டாள். போனை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி செய்தாள். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், மெத்தென்று இருந்தது. விற்றது யார் என்று கேட்டார்கள். மரியம் பீவி என்றேன். வாங்கியது யார்? என்னைப் பெற்றவள். அப்போது பெற்றது யார்? அவளேதான். எல்லாவற்றையும் மறுபடியும் முதலிலிருந்து கேட்டார்கள். கலா என்னைப் பார்த்தாள். பிறகு என்னிடம் எதையும் கேட்காமல் அவளாகவே பேச ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் பேசினாள். எனக்கு அதில் மரியம் பீவி என்பதும் என் பெயரும்தான் புரிந்தது. ஆனால் அவள் தலையை நிமிர்த்தித்தான் பேசினாள்.

"அம்மா, வித்தவங்க உன்னயத் திரும்பக் கேட்டு எப்பயாவது வந்தாங்களான்னு கேக்குறாங்க."

"ஒவ்வொரு பெருநாளைக்கும் வருவாங்க. எம் புள்ளையக் குடுன்னு கேப்பாங்க. எங்கம்மா நெய்ச்சோத்த மட்டும் வாங்கிக்கிட்டு அனுப்பிருவாங்க. அப்புடியே சொல்லு."

சொன்னாள். அந்தப் பக்கம் சிரித்த மாதிரி இருந்தது. ஆனால் கேள்விகள் தீரவில்லை, படிவம் இருக்கிறதே. இப்போது இருக்கிற வீட்டில் என்ன வேலை செய்கிறீர்கள்? சமையல், துணி, பாத்திரம், பேத்தி, நாய். சம்பளம் உண்டா? இல்லை. எத்தனை வருஷமாக? ஒன்பது. வாரத்தில் லீவு? இல்லை. பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது? மாப்பிள்ளை அலமாரியில், பூட்டி. நினைத்தால் தனியாக வெளியே போவீர்களா? பஸ் தெரியாது, பாஷையும் தெரியாது.

நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கலா அதை இங்கிலீஷில் சொல்லும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கடைசிப் பதிலைச் சொல்வதற்கு முன்னால் போனைக் கையால் மூடிக்கொண்டு, "இதெல்லாம் உண்மையாம்மா?" என்று என்னையே கேட்டாள்.

"நீயே சொல்லு" என்றேன்.

மாப்பிள்ளை மாடிக்குப் போனார். இறங்கி வரும்போது என் பாஸ்போர்ட் கையில் இருந்தது. இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். "உங்ககிட்டயே இருக்கட்டும் அத்தை" என்றார். பதினேழு நாளும் அதற்குப் பிறகு ஒரு வாரமும் கழித்து அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

நான் என் இஷ்டப்படிதான் இங்கே இருக்கிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லச் சொன்னேன். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், அந்த விசாரணையும் முடிந்தது. ஆனாலும் ஒரு நம்பர் கொடுத்தார்கள். எப்போதாவது இந்த வீட்டைவிட்டு வெளியேற உதவி வேண்டும் என்று தோன்றினால் எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். யாழினி அதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். நான் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை காபி போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஒரு வாய் குடித்தேன். சர்க்கரை போதவில்லை. ஒன்றும் சொல்லாமல் ஃப்ரிட்ஜைப் பார்த்தேன். இன்னும் ஒரு ஸ்பூன் வந்தது.